மூன்றாம் பாட்டில் ஓர் இருமல்

எங்கள் அடுக்ககத்துச் சுவர்
அட்டைப்பெட்டியை விடக் கொஞ்சம் தடிமன்.
பக்கத்து வீட்டு ஷ்பாச்செக் தும்மினால்
என் தேநீரில் வட்டம் விழும்.
ஆகவே ஹெட்போன்.
ரசனை கிசனை ஒன்றுமில்லை,
வீண்வம்பு வேண்டாம், அவ்வளவுதான்.

நான் டிராம் ஓட்டுகிறவள்.
வளைவுதோறும் தண்டவாளத்தின் கிறீச்சிடலை
எட்டு மணி நேரம் தின்றுவிட்டு
வீடு திரும்புகிற காதுகள் இவை.
இவற்றுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமென்று
இரண்டு மாத மிகைநேரக் கூலியோடு போனேன்,
ப்ர்னோ ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஸ்பின்யெக்கின் பழைய மின்சாமான் கடைக்கு.

மூன்று சிடி பிளேயர்களை எடுத்து வைத்தான்.

முதலாவது வெள்ளி நிறம், அம்மிக்கல் கனம்.
"எடைதான் தரம்" என்றான்.
நான் ஓட்டுகிற வண்டி இருபது டன்.
அதன் தரத்தை இவனிடம் எங்கே போய்ச் சொல்ல?
ஹெட்போன் செருகத் துளையே இல்லை அதில்.
தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர், அதற்கொரு கம்பி,
அந்தக் கம்பிக்கொரு கதை,
அனுமார் வாலாக நீண்டது கணக்கு.

இரண்டாவது கறுப்பு. துளை உண்டு, குமிழ் உண்டு.
தட்டு மட்டும்
முழங்கால் வலிக்காரர் படியிறங்குவது போல
நின்று, யோசித்து, வெளியே வந்தது.
ரிமோட் தொலைந்துவிட்டதாம்.

மூன்றாவது கையடக்கம்.
மூடியில் ஒரு ஹாக்கி வீரன், பாதி முகம் உரிந்து.

கைப்பையிலிருந்து என் குறுந்தகட்டை எடுத்தேன்.
தொண்ணூற்றேழு டிசம்பர்.
போக்குவரத்துப் பணியாளர் பாடகர் குழு.
அடித்தது ஐந்நூறு,
நானூற்றுச் சொச்சம் இன்னும் பணிமனை நிலவறையில்.
மூன்றாம் பாட்டில், எல்லோரும்
மூச்சைப் பிடித்து நிற்கும் இடத்தில்
ஓர் இருமல்.
என்னுடையது.

மறுபடி எடுக்க நேரமில்லை.
ஐந்து மணிக்குத் தேவாலயத்தை
யாருடைய கல்யாணத்துக்கோ கொடுத்திருந்தார்கள்.
குழுவை நடத்திய விளாஸ்தா
பதினொரு மாதம் என்னோடு பேசவில்லை.
பிறகு பேசினாள். அது இன்னும் மோசம்.
அன்றிலிருந்து அந்த இடம் நெருங்கினால்
விரல் தானாக அடுத்த பாட்டுக்குத் தாவும்.

வெள்ளிக் கருவியில்,
கடை ஆம்ப்ளிஃபயரின் தயவில்,
இருமல் பளிங்காகக் கேட்டது.
முடிவதற்குள் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.
விலைக்காக அல்ல என்று சொல்ல ஆசைதான்.
விலைக்காகவும்தான்.

கையடக்கத்தில் ஒரு சன்ன இரைச்சல்,
அடுத்த அறையில் எண்ணெய் காய்வது போல.
இருமல் அதில் மூழ்கிவிட்டது.
முதன்முறையாக அந்தப் பாட்டைக் குறையில்லாமல் கேட்டேன்.
அழகாக இருந்தது.
வேறு யாரோ பாடியது போல இருந்தது.
"பாதி விலைதான்" என்றான் ஸ்பின்யெக்.

கறுப்பில் போட்டேன்.
இடம் நெருங்கியது. பொத்தானை அழுத்தினேன்.
கருவி யோசித்தது.
இருமல் வந்தது.
இன்னும் யோசித்தது.
இருமலின் வால் கல்வளைவில் ஏறி ஓய்ந்ததும்
என் இடப்பக்கத்திலிருந்து
மூக்குவழியே வெடித்து அடங்கிய
ஒரு குட்டிச் சிரிப்பு.

அப்புறம்தான் தாவியது அடுத்த பாட்டுக்கு.

இருபத்தேழு வருடம்.
இடப்பக்கம் நின்றது ஹெட்விகா,
பயணச்சீட்டுப் பரிசோதகர்,
சிரித்தே யாரும் பார்த்ததில்லை என்று
நாங்கள் எல்லோரும் சத்தியம் செய்வோம்.

ரிமோட் இல்லாததற்கு
இருநூறு கொருனா குறைக்கச் சொன்னேன்.
நூறு குறைத்தான்.
மடியில் வைத்து, பயணியாக,
வேறொருத்தி ஓட்டிய டிராமில் கொண்டுவந்தேன்.
நான்கு வளைவிலும் பிரேக்கைச் சீக்கிரம் பிடித்தாள்.

அன்றிரவு அந்த நான்கு நொடியை
எத்தனை முறை போட்டேன், தெரியாது.
சுவரை யாரோ இடித்ததும் எனக்குக் கேட்கவில்லை.
காலையில் லிஃப்டில் ஷ்பாச்செக்தான் சொன்னார்,
நள்ளிரவுக்கு மேல்
நான் தனியாகச் சிரிக்கிறேனாம்,
அதுவும் உரக்க.