இரண்டு கிராம் எழுநூறு

கஸ்தூரியார் வீதியில்
கொலுசுக்கு உருக்க வைத்த குவியலில் கிடந்தது.
அன்றைய வெள்ளி விலை;
வேறொன்றும் கேட்கவில்லை தட்டார்.
நானும் கேட்கவில்லை.

எலுமிச்சை கூடாது, சாம்பல் கூடாது.
பற்றறிக்கு விடும் தண்ணீரில்
இரண்டு நாள் ஊறவைத்தேன்.
இதோடு என் பெட்டியில் பத்துத் திர்ஹம்.
ஒன்றையும் நான் வாசித்ததில்லை.
கூஃபி எழுத்துக்குப் புள்ளி கிடையாது,
எங்கள் பழைய ஏடுகளைப் போல.

சோனகத் தெரு, வெல்டிங் கடை.
நிஸ்தார் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விளிம்பைச் சுற்றிச் சுற்றி எழுத்துக்கூட்டினார்:
"அல்லாஹ்வின் பேரால்
இந்தத் திர்ஹம் அடிக்கப்பட்டது..."
நின்றார்.
ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில்
துளை.
"வருஷம் மட்டும் கிடக்கு.
நூற்றித் தொண்ணூறு, ஹிஜ்ரி."

துளையில் நகத்தை வைத்துப் பார்த்தார்.
"ஆரோ பிள்ளையின்ர அரைஞாணில கோத்தது."
பிறகு, காசைப் பார்த்தே:
"எங்கட தங்கச்சிக்கும் ஒண்டு இருந்தது.
தொண்ணூறு ஐப்பசி,
ஐஞ்சு சந்தியில கழட்டினவை."

இதுதானா என்று நான் கேட்கவில்லை.
உள்ளே பெடியன் ஒருவன்
கேற்றுக் கம்பியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான்.
நிஸ்தார் காசைச் சாரத்தில் துடைத்தார்.
"கவனமா வைச்சிருங்கோ."

இரவு, கொப்பி.
எடை எழுதினேன். வருஷம் எழுதினேன்.
'யாரிடமிருந்து' என்ற கட்டத்தில்
வைத்த பேனையை எடுக்க மறந்து
மை ஊறி
ஒரு புள்ளி.

ஒன்பது காசுகளைப் பெட்டிக்குள் அடுக்கினேன்.
இது மேசையில் கிடக்கிறது.
நிஸ்தார் கடை திறப்பது
எட்டரைக்கு.