பதிவேட்டில் ஓய்வு

நான்காம் கொட்டகைப் பதிவேட்டில்
ஜூன் மூன்று முதல் பதின்மூன்று வரை
ஒரே சொல்:
ஓய்வு.
முதலாளி நக்ககிரியின் கையெழுத்து, நீலப் பேனா.

என் வேலை உடைப்பது.
பாஸ்தோஸில், நாளைக்கு அறுபது முட்டை.
கண்ணாடி மேசையில் ஊற்றி
வெள்ளைக்கரு எவ்வளவு உயரம் நிற்கிறதென்று
முக்காலி மானியை இறக்கிப் பார்ப்பேன்.
ஓட்டைக் கழுவி, உலர்த்தி
மூன்று இடத்தில் தடிமன் எடுப்பேன்.

மே மாதம் எதுவும் நிற்கவில்லை.
எழுபத்திரண்டு வாரக் கோழிகள்.
முட்டை பெரிது, ஓடு காகிதம்.
வெள்ளை, கைதவறிக் கொட்டிய தண்ணீராய்
மேசை விளிம்புவரை போனது.
நான்கு. மூன்றரை. நான்கு.
லாரி ஏறுமுன்பே நூற்றுக்குப் பன்னிரண்டு விரிசல்.

அப்புறம் விளக்கைக் குறைத்தார்கள்.
தண்ணீர் உண்டு. தீனி இல்லை.
வெறும் தகரத் தொட்டியில்
ஆறாயிரம் அலகுகள்.
ஆலங்கட்டி மழையென்று வெளியே எட்டிப் பார்த்தேன்,
செம்மண் காய்ந்து கிடந்தது.
ஐந்தாம் நாள் முட்டை நின்றது.
ஏழாம் நாள் அந்தச் சத்தமும்.

எடில்சன் மூக்கில் துணி கட்டி
சாக்குச் சாக்காக இறகு கூட்டினான்.
காலில் மஞ்சள் வளையமிட்ட அதே இருபது கோழிகளைத்
தராசில் ஏற்றினோம்:
ஒன்றே முக்கால் கிலோ, ஒன்றரை, ஒன்றேகால்.
கழுத்து மொட்டை, கொண்டை வெளுப்பு.
என்னைப் பார்த்தன என்று எழுத ஆசை.
பார்க்கவில்லை.
தொட்டியைத்தான் பார்த்தன.

செத்தவை ஐம்பத்து மூன்று.
அதற்குத் தனிக் கட்டம் உண்டு,
சின்னது.

பிறகு தவிடு. பிறகு சோளம், சுண்ணாம்பு,
பதினாறு மணி நேர வெளிச்சம்.
ஊசி ஊசியாய் இறகு துளிர்த்து
ஆகஸ்டில் வந்தது முட்டை.

உடைத்தேன்.
மஞ்சளைச் சுற்றி மேடாய்
நின்றது வெள்ளை.
ஏழு மில்லிமீட்டர்.
நம்பாமல் மறுபடி அளந்தேன். ஏழு.
ஓடும் தடித்திருந்தது, மயிரிழைதான்,
ஆனால் லாரிக்கு அந்த மயிரிழை போதும்.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
மறைத்து என்ன ஆகப்போகிறது,
அளவு கூடி வந்தால் கை தானாகக் குதிக்கிறது.

அன்றிரவு வீட்டு வாணலியில் ஒன்றை ஊற்றினேன்.
பரவவில்லை.
பீன்ஸும் சோறும் வைத்துச் சாப்பிட்டேன்.
நன்றாயிருந்தது.

வெள்ளிக்கிழமை மரிலியாவிலிருந்து வியாபாரி.
இரண்டை ஒன்றோடொன்று தட்டிக்
காதருகே வைத்துக் கேட்டார்.
"கல்லு மாதிரி இருக்கே.
என்னதான் தீனி போட்டீங்க?"

நக்ககிரி சிரித்தார். நிறுத்தினார்.
"ஜுல்மிரா, நீ சொல்லு."

என் மானியின் தாடைகளுக்கு நடுவே
ஓட்டுச் சில்லு ஒன்று.
அளவை மட்டும்
உரக்கப் படித்தேன்.