முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

அபர்னெல் நகராட்சி, இரண்டாம் தளம்.
புத்தாக்கம், சாலைகள், சுற்றுச்சூழல் சேவைகள்
கண்காணிப்புக் குழு.
மாதத்தின் மூன்றாவது புதன், மாலை ஐந்து மணி.
உறுப்பினர் ஒன்பது பேர், வந்தவர் ஆறு.
வராதவர்களின் வருத்தம் பதிவு செய்யப்பட்டது.
பதிவு செய்பவள் நான்.

ஒருவர் வருத்தம் தெரிவித்தபோது
தொலைபேசியின் பின்னால் ரக்பி ஆரவாரம்.
அதை எழுதவில்லை.

பொருள் நான்கு, சாப்பல் தெருப் பள்ளம்.
சாலை அதிகாரி கெதின் மாடக்ஸ்
திரையில் படம் காட்டினார்.
நாற்பது மில்லிமீட்டர் ஆழம் இருந்தால்தான்
அது பள்ளம்.
இது முப்பத்தெட்டு.
ஆகவே இது
மேற்பரப்பின் சீரின்மை.

எயர்லிஸ் ப்ரொதெரோ, மேல்வார்டு உறுப்பினர்,
கைப்பையிலிருந்து ஒரு மர அளவுகோலை எடுத்தார்.
நுனியில் சேறு காய்ந்திருந்தது.
"நேற்றிரவு மழையில் நானே அளந்தேன்.
எனக்கும் முப்பத்தெட்டுதான்."
மாடக்ஸ் முகத்தில் நிம்மதி.
"ஆனால் சைக்கிளோடு அதில் விழுந்த தபால்காரர் எம்ரிஸுக்கு
மணிக்கட்டில் இரண்டு ஆணி.
அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?
எலும்பின் சீரின்மையா?"

யாரோ சிரித்தார்கள்.
தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் எழுதினேன்:
உறுப்பினரின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது.

குறித்துக்கொள்ளப்பட்டது.
இந்தக் கட்டடத்திலேயே
ஆழமான பள்ளம் இந்தச் சொல்தான்.
பதினோரு ஆண்டுகளாக
அதற்குள் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.
இன்னும் அடி தட்டவில்லை.

பொருள் ஐந்து, சதுக்கத்தின் புத்தாக்கம்.
நான்கு முகக் கடிகாரம் வைத்தாகிவிட்டது.
நான்கும் நான்கு நேரம் காட்டுகின்றன.
முள்ளைத் திருத்துவது ஒப்பந்தத்தில் இல்லையாம்.
புதிய இருக்கைகளின் நடுவே இரும்புக் கைப்பிடி:
அமரலாம், சாயலாம்,
படுக்க மட்டும் முடியாது.
முன்பு அங்கே படுத்திருந்தவர் எங்கே என்று
ப்ரொதெரோ கேட்டார்.
அது வேறு குழுவின் வரம்பு.

பொதுமக்கள் வரிசையில் ஒரே ஒருத்தி,
குப்பை வண்டி ஓட்டும் டெலெரி,
ஒளிரும் மேலாடையைக்கூடக் கழற்றாமல்.
அந்தத் தெருக்களின் ஒவ்வொரு குழியும்
அவள் முதுகெலும்புக்கு மனப்பாடம்.
எந்த வீட்டில் மூன்று வாரக் குப்பை
இரண்டே வாரத்தில் மூடியைத் தள்ளுகிறது,
எந்த வீட்டில் குழந்தை பிறந்தது,
எங்கே திடீரென்று ஒருவர் உணவு மட்டும் குறைந்தது
எல்லாம் அவளுக்குத் தெரியும்.
பேச அனுமதி இல்லை.
கேட்டுக்கொண்டிருக்கலாம்.

மேற்பார்வை என்று எங்கள் கதவில் எழுதியிருக்கிறது.
மேலேயிருந்து பார்ப்பது.
இரண்டாம் தளத்திலிருந்து எந்தப் பள்ளமும்
ஒரு துண்டு வானம்தான்.
அளவுகோலோடு குனிந்தவரின் வேலைக்கு
இன்னும் கதவும் இல்லை, சொல்லும் இல்லை.

அன்றிரவு குறிப்பைத் தட்டச்சு செய்யும்போது
விரல் அந்த எண்ணில் நின்றது.
முப்பத்தெட்டை நாற்பதாக்க
இரண்டு விசை போதும்.
யாரும் பார்க்கப் போவதில்லை;
தலைவர் வாசிக்காமலே கையெழுத்திடுவார்.
தேநீர் ஆறும்வரை யோசித்தேன்.
முப்பத்தெட்டு என்றே அடித்தேன்.
நல்லவள் என்பதால் அல்ல.
ப்ரொதெரோ பொய் சொல்லியிருக்கலாம்,
சொல்லவில்லை.

பிறகு ஜனவரி.
உறைபனி முன்மொழிந்தது.
மழை வழிமொழிந்தது.
கல்குவாரி லாரிகள் வாக்களித்தன,
எதிர்ப்பின்றி.
பிப்ரவரி கடைசியில் நாற்பத்தொன்று.
மூன்றே நாளில் ஆட்கள் வந்து
சூடான தாரைக் கொட்டி,
மண்வெட்டியின் முதுகால் தட்டி,
தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மார்ச் மாதக் கூட்டம், பொருள் இரண்டு:
சாப்பல் தெருப் பணி நிறைவு.
மாடக்ஸ் புதுக் கழுத்துப்பட்டை அணிந்திருந்தார்.
ப்ரொதெரோ நன்றி சொன்னார்.
பிறகு மெல்லக் கைப்பையைத் திறந்தார்.
"ஒட்டுப்போட்ட இடம் சாலையைவிட
பதினாறு மில்லிமீட்டர் உயரம்.
புடைப்புக்கு வரம்பு எவ்வளவு?"

மாடக்ஸ் தாள்களைப் புரட்டினார்,
முன்னும் பின்னும்.
பின்வரிசையில் ஒளிரும் மேலாடை
ஒருமுறை குலுங்கியது.
விடை அடுத்த கூட்டத்தில் தரப்படும்
என்று எழுதினேன்.
குறித்துக்கொள்ளப்பட்டது என்று
எழுதவில்லை.