ஒன்று மூன்று நான்கு இரண்டு

மழை பெய்தால் மட்டும் செத்துப்போகும் வண்டி.
வெயில் வந்ததும்
ஒன்றுமே நடக்காததுபோல் உறுமும்.

பேட்டரி என்றார் ஜெலுத்தோங் ஃபோர்மன்.
பிளக் என்றான் தம்பி, கிள்ளானிலிருந்து, போனில்,
பின்னால் பந்து விளையாட்டு ஓடிக்கொண்டிருக்க.
கண்ணு பட்டிருக்கு என்றாள் எதிர்வீட்டு அஞ்சலிதேவி.
நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம்,
அவள் செலவு.
மறுநாள் தூறல்.
எலுமிச்சைத் தோலின்மேல் அசையாமல் நின்றது ஈஸ்வரா.
பயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடினேன்,
அதையும் விட்டேன்.

ஒருநாள் மூடியைக் கழற்றி
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
உட்சுவரில் முடியிழை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு,
ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு.
ஈரம் பட்டால் போதும்,
பொறி அந்தக் கள்ளப் பாதையில் இறங்கிவிடுகிறது.
போகவேண்டிய வீடு
கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டரோடு சேர்த்து
ஐம்பது ரிங்கிட்.
டத்தோ கிராமட் சாலைக் கடையில் மிஸ்டர் யாப்
யார் மாட்டுவது என்று கேட்டார்.
நான் என்றேன்.
என் நகங்களைப் பார்த்தார்.
ரசீதின் பின்புறம் எதையோ கிறுக்கி
நாலாக மடித்துக் கையில் வைத்தார்.
நான் பிரிக்கவில்லை.
நகத்தைப் பார்த்தாரே, அந்தக் கோபம்.

ஞாயிறு காலை, ஃபார்லிம் பிளாட், கீழ்த்தள நிறுத்துமிடம்.
நெகட்டிவ் வயரைக் கழற்றத் தெரிந்திருந்தது.
இரண்டு திருகாணி; ஒன்று
என்ஜினுக்குள் எங்கேயோ விழுந்து
அரை மணி நேரம் தின்றது.
மூடியின் தலையில் ஐந்து வயர்,
ஒரே தடிப்பு, ஒரே அழுக்கு.
ஒவ்வொன்றாக மாற்றியிருக்கவேண்டும்.
ஐந்தையும் ஒரே பிடியில் பிடுங்கினேன்.
பிடுங்கிய பிறகு யோசிக்கிற பிறவி நான்;
கல்யாணமும் அப்படித்தான் முடிந்தது.

நடுவயர் நடுவுக்கு, அதில் குழப்பமில்லை.
மற்ற நாலையும்
நீளம் பார்த்து, நெருக்கம் பார்த்து,
கொஞ்சம் சாமியையும் பார்த்துச் சொருகினேன்.
சாவியைத் திருப்பினேன்.

படார்.

மூன்றாவது மாடியில் மக்சிக் ரொக்கியா
கேஸா கேஸா என்று கத்தினார்.
வேனுக்கடியில் படுத்திருந்த பூனை
மாலை வரை திரும்பவில்லை.
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு
பேண்ட் பையைத் தடவினேன்.
நாலு மடிப்பு.

ஒரு வட்டம். வட்டத்தின்மேல் ஓர் அம்புக்குறி.
1 3 4 2.
கீழே, பெலான் பெலான்.

ஒன்றுக்கு அப்புறம் மூன்று என்று
பள்ளியில் எண்ணியிருந்தால்
முட்டியில் ரூலர் இறங்கியிருக்கும்.
கடைசியாக வருகிற இரண்டு!
மூன்றையும் நான்கையும் முன்னே விட்டு
அது ஒன்றும் தோற்றுப்போகவில்லை.
வயர்களை இடம் மாற்றினேன்,
இந்த முறை ஒவ்வொன்றாக.

பிடித்துக்கொண்டது.
ஆனால் வெயிலில் பிடித்தது என்ன சாட்சி?
வெயிலில் எல்லாரும் நல்லவர்கள்தான்.

பதினொரு நாள் மழைக்குக் காத்திருந்தேன்.
கொடிமலையை மேகம் மூடும், திறக்கும்,
ஒரு சொட்டு விழாது.
பழைய மூடியை அஞ்சலிதேவி கேட்டு வாங்கிப்போனாள்.
அதன் ஐந்து ஓட்டையிலும் இப்போது
ஊதுபத்தி நிற்கிறது.
எலுமிச்சைதான் வேலை செய்தது என்று
இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பன்னிரண்டாம் இரவு, எனக்கு ஷிப்ட் இல்லை.
மூன்று மணிக்குத் தகரத்தில் சத்தம்.
நைட்டியோடு, குடையோடு,
லிஃப்ட் வரப் பொறுக்காமல் ஏழு மாடி இறங்கினேன்.
பானட்டில் மழை குதித்துக்கொண்டிருந்தது.
சாவி.
ஒரே திருப்பு.

போக இடம் ஒன்றுமில்லை.
வைப்பரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
ஒன்று மூன்று நான்கு இரண்டு,
காதுக்குப் பிரிந்து கேட்காது,
இருந்தாலும் எண்ணினேன்.
பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.
இன்னும் அஞ்சு நிமிஷம் என்றேன்,
யாரும் கேட்காத போதும்.