பன்மை

தர்சீசியஸ் பாதருக்கு ஏழு பாஷை என்று
புளியந்தீவில் சொல்வார்கள்.
ஏழு இல்லை, ஐந்தரை.
எண்ணிப் பார்த்தவன் நான்,
அவருடைய கோயிலில் மணி அடிக்கிறவன்.

லத்தீன், செத்த வீட்டுக்கு.
இங்கிலீசு, ஆயருக்கும் செஞ்சிலுவைக்காரருக்கும்,
ஓரெழுத்து உடைந்த டைப்ரைட்டரில்.
ரோமையில் படித்த இத்தாலியன் எப்போதாவது வரும்,
மாசிச் சம்பல் கண்டபடி உறைத்தால்.
செல்லரின் தச்சுக்கடைக்குப் போனால்
பறங்கிப் பாஷையில் ஒரு 'மூயித்து மெர்சே',
அதுதான் அந்த அரை.
செல்லர் உளியை வைத்துவிட்டுச் சிரிப்பார்.
கோபத்துக்கு மட்டும் வாவிக்கரைத் தமிழ்:
"மறுகா என்னகா செய்யச் சொல்றாய்?"

சிங்களத்தை இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்கு அவரிடம் இருந்தது சந்தைச் சிங்களம்.
கீயத, எபா, ஹொந்தாய்.
அதை வைத்துக்கொண்டுதான் முகாம் வாசலுக்கு வந்தார்,
அங்கியின் கரை முழுக்கச் சேறு,
சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு.
நாங்கள் இரண்டு பேர் முழந்தாளில் இருந்தோம்.
எனக்குப் பதினேழு. நிர்மலகாந்தனுக்குப் பதினாறு,
பூசையில் தூபக்கலசம் பிடிக்கிறவன்.

"மே லமயா அப்பே பள்ளியே" என்றார் பாதர்.
இந்தப் பிள்ளை எங்கள் பள்ளியைச் சேர்ந்தது.

பள்ளி என்றால் அவர்களுக்குக் கோயில்.
காத்தான்குடியில் அது தொழுகிற இடம்.
எனக்கு அந்த நேரம் பள்ளிக்கூடம்தான் வந்தது,
கணக்குக் கொப்பி வீட்டில் கிடக்கிறதே என்று.

பிள்ளை. ஒரு பிள்ளை.
அதிகாரி பாதரின் கைக்குக் கிட்ட இருந்தவனைப் பார்த்தான்.
எழும்பு என்று விரலை ஆட்டினான்.
பாதர் மறுபடி வாய் திறந்தார்,
பன்மை வரவில்லை.
இரண்டு விரலைக் காட்டினார்.
இங்கிலீசில் சொன்னார்.
கடைசியில் லத்தீனிலும் ஏதோ சொன்னார் என்று நினைக்கிறேன்.
கேற் மூடியது.

ஒரு சொல் பிழைத்ததற்காக யாரும் யாரையும் வைத்திருப்பதில்லை,
வைத்திருக்க நினைத்தவன் வைத்திருப்பான் என்று
எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்.
கேட்கிற ஆளா?
பாதை திறந்ததிலிருந்து புதன்கிழமை தோறும் அம்பாறை பஸ்.
குசுமாவதி டீச்சரின் சாப்பாட்டு மேசையில்
ஐம்பதுக்குக் கிட்டிய வயதில் அரிச்சுவடி.
திரும்பி வரும்போது கல்முனை தாண்டியும்
உதடு அசைந்துகொண்டிருக்கும்.
செபமாலை என்று பக்கத்துச் சீட்டுக்காரர் ஒதுங்கி இடம்விடுவார்.
அது வேற்றுமை உருபு.

பத்து வருடத்தில், உகணையிலிருந்து வந்த சனம்
அவரைச் சிங்களவர் என்றே நினைத்தது.
நிர்மலகாந்தனின் அம்மாவிடம் மட்டும்
அவர் எந்தப் பாஷையிலும் பேசியதில்லை.
"கிறிஸ்துவின் திருவுடல்" என்பார், ஞாயிற்றுக்கிழமைகளில்.
அவ்வளவுதான். அவவும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு போவா.

போன மாதம் பாரிசவாதம்.
போதனா வைத்தியசாலை, வாசலுக்கு நேரே மூன்றாவது கட்டில்.
தமிழ் போய்விட்டது. இங்கிலீசைக் காணவில்லை.
செல்லரின் மகன் வந்து, காதுக்குள்
'மூயித்து மெர்சே' சொல்லிப் பார்த்தான்,
கண் அசையவில்லை.

நேற்றுப் பின்னேரம் நேர்ஸ் சமன்மலி,
மகாஓயாப் பிள்ளை, போர்வையை இழுத்துவிட வந்தாள்.
அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.
என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து,
மெதுவாக, டீச்சரிடம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி:
"மே லமய் தென்னாம அப்பே பள்ளியே."

இந்தப் பிள்ளைகள் இருவருமே.

அவள் என் நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்தாள்.
பிறகு எனக்குப் பின்னால் எட்டி,
கொரிடோர் வரைக்கும் தேடினாள்.
"ஒராளுக்குத்தான் பாஸ்" என்றாள்,
தட்டுத்தடுமாறி, தமிழில்.
என்ன நினைத்தாளோ,
"பரவாயில்ல. மத்த ஆளையும் வரச் சொல்லுங்க."