நகல் எடுக்கப்படும்

முதுகு பிய்ந்த அகராதி ஒன்றைத்
துப்பட்டாவில் பொத்திக் கொண்டுவந்தாள்
காஜிமார் தெரு ஷகுஃப்தா.
'ஐ'யில் தொடங்கும் பக்கங்கள் மட்டும் போதுமாம்,
பதினாலு.
தாளுக்கு ஒண்ணரை என்றேன்.
ஒன்று போடச் சொன்னாள்.
நடுவில் நிற்க
ஒன்றேகால் இல்லாத காலம்.
சரி, ஒன்று.

ஜில்லா கோர்ட் எதிரில்
ஆறுக்கு எட்டு அடியில்
இந்த இயந்திரமும் நானும்.
மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பதால்
கருப்புக் கோட்டுகள் இல்லை.
கண்ணாடியில் கவிழ்க்குமுன்
கண்ணில் பட்டது அந்தச் சொல்:
இமிடேஷன்.

எனக்குத் தெரியும் அதை.
விளக்குத்தூண் பக்கம் வாங்கிய
சங்கிலிப் பெட்டியின் மூடியில்
எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன்.
அசல் சங்கிலி
அடகுக்கடை இரும்புப் பெட்டியில் தூங்க,
இது என் கழுத்தை
வேர்வை நாளெல்லாம் அரிக்கிறது.

சொல்லுக்கு அந்தப் பக்கம்
வலமிருந்து ஓடின
சில கொக்கிகள், மேலே புள்ளிகள்.
"இது என்னம்மா சொல்லுது?"
"நகல்."
"உருதுவா? தமிழ்ல சொல்லு."
"நகல்தாங்க்கா."

வெளியே எட்டி
என் போர்டை நானே படித்தேன்.
மஞ்சளில் சிவப்பு எழுத்து,
ஒன்பது வருஷமாய்த் தொங்குவது.

"அப்ப அசல்?"
"அதுவும் எங்க வீட்டுச் சொல்தான்."
சிரித்தாள். நக்கலில்லை.

வக்கீல், ஜாமீன், தாக்கல்,
வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன்,
தொலைந்த சாமானை
போலீஸ் ஸ்டேஷனில் அடையாளம் காட்டுகிறவள் மாதிரி.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.
"வாய்தா?"
"நாங்க வாதாம்போம்.
கொடுத்த வாக்குன்னு அர்த்தம்."

சோழவந்தானில் நாற்பது சென்ட்.
அசல் பத்திரம் அண்ணன் பீரோவில்,
நகல் என் டப்பாவில்.
எதிர்க் கட்டடத்தில் பதினோரு வருஷமாக
கொடுத்த வாக்கு
அடுத்த தேதிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மூடியை அழுத்தினேன்.
பச்சை வெளிச்சம்
இடமிருந்து வலமாய்ப் போனது,
அவள் எழுத்துக்கு எதிர்த்திசையில்.
எழுத்து ஒன்றும் கோபிக்கவில்லை.

பிய்ந்த தாளை நான் பிடித்திருந்ததில்
ஒரு பக்கத்தில்
என் கட்டைவிரலும் விழுந்துவிட்டது:
ரேகை, நகத்தின் வெடிப்பு,
ஓரத்தில் மையழுக்கு.
சரியாக அந்தச் சொல்லின் மேல்.

வேறு எடுத்துத் தருகிறேன் என்றேன்.
"இருக்கட்டுங்க்கா,
எனக்குத்தான் தெரிஞ்சிருச்சே."
மடித்துக்கொண்டு போனாள்.

பதிமூணு ரூபாய்தான் வாங்கினேன்.

"ஆதார், ரெண்டு பக்கமும்"
என்று நீட்டுகிறது ஒரு கை.
கண்ணாடியைத் துடைக்கிறேன்.