எட்டாவது அங்கி

படத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.
தொண்ணூற்றெட்டில், கிராஞ்சி பக்கம்
மூடிக்கிடந்த கோழிப்பண்ணையில்
நான்கு இரவு, ஓர் இரவல் கேமரா.
பலிபீடம் மேஜைப்பந்துப் பலகை.
ரத்தம், பண்டுங் கலக்கும் ரோஸ் சிரப்.
எறும்பு மொய்த்துப் பலிப்பெண் விமலேஸ்வரி
மூன்று முறை எழுந்து ஓடினாள்.
மூன்றாவது ஓட்டம் படத்தில் இருக்கிறது.
அதை நடிப்பு என்கிறார்கள்.

மந்திரம் வேண்டியிருந்தது.
"எந்தச் சாமி சொல்லையும் தொடாதே"
என்றார் டைரக்டர் துரைசிங்கம்.
அவர் மனைவிக்கு ஏழாம் மாதம்.
ரயில் நிலையங்களைத் திருப்பிப் போட்டோம்:
லிங்சிமார். வாங்பசெம். திப்காத்.
யீஷூனைத் திருப்பினால் ஷூன்யீ.
அந்த இடத்தில் மட்டும்
ஏனோ எல்லோர் குரலும் தணிந்தது.

நேற்று,
பீச் ரோட்டில் ஒரு பழைய கடைத்தொகுதி, நான்காம் மாடி.
நாற்பது பேர். பாதிப் பேர்
படத்துக்குப் பிறகு பிறந்தவர்கள்.
திரை சொல்லுமுன் அவர்கள் சொன்னார்கள்
வாங்பசெம்,
வாயில் பாப்கார்னோடு, ஒரே சுருதியில்.
கடைசிக் காட்சியை நிறுத்தி
ஜுன்ஹாவ் என்ற பையன் எண்ணிக் காட்டினான்.
பெயர்ப் பட்டியலில் அங்கிக்காரர் ஏழு.
நிற்பது எட்டு.

எனக்குத் தெரியும். நான் ஐந்தாவது அங்கி.
எட்டாவது, லாரி ஓட்டிய லூர்துசாமி.
ஜெனரேட்டர் மூடும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு
"ஒரு தடவ நின்னுக்கிறேன்டா,
மூஞ்சி தெரியாட்டியும் பரவால்ல" என்று
என் பக்கத்தில் வந்து நின்றார்.
எல்லோரும் வெறுங்கால்.
அவர் மட்டும் ஜப்பான் செருப்பு, சர்க்கரைப் புண்.
பிப்ரவரியில் அந்தப் பாதத்தை எடுத்தார்கள்.
ஈஸ்டருக்கு முன் அவரையே எடுத்தோம்.

கை தூக்கலாம் என்றுதான் இருந்தேன்.
"ஆவி" என்றாள் முன்வரிசைப் பெண்,
அத்தனை மரியாதையாக.
கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.
தப்பாகவும் சொல்லவில்லையே.

கடைசி ரயில்.
அறிவிப்புக் குரல் ஒவ்வொரு பெயரையும்
நேராகச் சொல்லிக்கொண்டே வந்தது,
யாரோ போட்ட முடிச்சை அவிழ்ப்பதுபோல.
யீஷூனில் இறங்கினேன்.
காலியான பிளாட்பாரத்தில் எனக்குப் பின்னால்
ரப்பர்ச் செருப்பின் சத்தம்,
ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து.

திரும்பிப் பார்க்கவில்லை.
கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.